அப்பாவின் சீட்டில் 'ஹாப்லோபியா' என்று எழுதியிருக்கிறது, இது புது வியாதியா?

தறிக்காரர் மகள், திருபுவனம்:

எல்லோருக்கும் வணக்கம். நேற்று சாயங்காலத்திலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. கண் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. பட்டுத்தறி. 14 வயதில் குழியில் இறங்கியவர், இன்றுவரை அதே வேலைதான். நான் வீட்டில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டு கணக்கும் பார்க்கிறேன்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "அம்மாடி, வலது கரையில் ஜரிகை ரெண்டு கோடா ஓடுது பாரு" என்றார். குனிந்து பார்த்தேன், ஒரே கோடுதான். இடது கரையும் சேலையின் உடலும் அவருக்குச் சரியாகத் தெரிந்தன, வலது ஓரம்தான் பிரிந்தது. வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால் கோயில் விமானத்தின் கலசம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. மெயின் ரோட்டில் வந்த மயிலாடுதுறை பஸ்ஸும் இரண்டு. பயந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் கண்ணாடிக் கடைக்குத்தான் போனோம். பவர் ஏறியிருக்கிறது என்று 2,400 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். அதைப் போட்டாலும் இரண்டுதான். இப்படி ஒரு வாரம் வீணாய்ப் போனது. அதற்குள் அப்பா முகத்தை வலது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். பார்த்தவர்கள் எல்லாம் கழுத்துப் பிடிப்பு என்று தைலம் சொன்னார்கள்.

அப்புறம் கும்பகோணத்தில் பெரிய டாக்டரிடம் போனோம். பேனாவை முகத்துக்கு முன் பிடித்து இடமும் வலமும் நகர்த்தினார். வலது பக்கம் போகும்போது அப்பாவின் வலது கண் பாதி வழியில் நின்றுவிட்டது. நானே பார்த்தேன், கறுப்பு முழி வெளி ஓரத்தைத் தொடவில்லை, அந்தப் பக்கம் வெள்ளை தெரிந்துகொண்டே இருந்தது. ஆறாவது நரம்பு, சர்க்கரையால் வந்தது என்றார். மூன்று மாதச் சராசரி 9.8 இருந்தது. பிரஷரும் கூட. தலை ஸ்கேனும் எடுத்தோம், அதில் ஒன்றுமில்லை. சர்க்கரையை இறக்குங்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு இருங்கள், தானாகத் திரும்பும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த மூன்று மாதம் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். தீபாவளி ஆர்டர் நேரம். ஒரு கண்ணை மூடினால் இரட்டை போய்விடும், ஆனால் இழை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கும் சேர்ந்து போய்விடும். பாவு புணைக்கும்போது சாம்பலைத் தொட்டுக்கொண்டு பழைய இழை நுனியையும் புது இழை நுனியையும் சேர்த்து முறுக்க வேண்டும். அப்பாவின் விரல் இழைக்கு ஒரு நூல் முன்னாலேயே வெறும் காற்றை முறுக்கியது. டபராவில் இருந்து டம்ளருக்குக் காபி ஆற்றினால் பாதி மேலே. "கண்ணு இருந்தும் குருடா ஆயிட்டேன்" என்று ஒருநாள் சொன்னார், அதை நான் மறக்கமாட்டேன்.

இப்போது ஐப்பசி. நேற்று மூன்றாவது முறையாகப் போனோம். சிவப்பும் பச்சையுமாக ஒரு கண்ணாடியைப் போட்டுவிட்டு எதிரே விளக்குப் பெட்டியைக் காட்டி எத்தனை என்று கேட்பார்கள். முதல் தடவை அப்பா "அஞ்சு" என்றார், வலது பக்கம் சிவப்பு ரெண்டு, இடது பக்கம் பச்சை மூணு. நேற்று விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணி "நாலு" என்றார். டாக்டர் தட்டிக்கொடுத்தார், சீட்டில் எழுதினார், இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். நாங்களும் சந்தோஷமாகப் பஸ் ஏறினோம்.

வீட்டுக்கு வந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் சீட்டில் 'டிப்லோபியா' என்று இருந்தது. நேற்றையதில் அந்த இடத்தில் 'ஹாப்லோபியா'. போனில் தேடினால் மயோப்பியா, ஆம்ப்ளியோப்பியா, பிரஸ்பியோப்பியா என்று என்னென்னவோ வந்தது, எல்லாமே குறைபாடு. ஒன்று போய் இன்னொன்று வந்துவிட்டதா? டாக்டர் ஏன் வாயால் சொல்லவில்லை?

இன்னொன்றும் உண்டு. இன்று காலை அப்பா சோதித்துப் பார்க்கிறேன் என்று தார்க்குச்சியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு விமானத்தைப் பார்த்தார். விமானம் ஒன்றுதான், ஆனால் குச்சி இரண்டாகத் தெரிகிறதாம். "முழுசா போகலை போலிருக்கே" என்று முகம் வாடிவிட்டார். தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

ஆர்த்தாப்டிஸ்ட், கும்பகோணம்:

சகோதரி, முதலில் நிம்மதியாக மூச்சு விடுங்கள். ஹாப்லோபியா வியாதி இல்லை. உங்களுக்கும் எனக்கும் இப்போது இருப்பதற்குப் பெயர்தான் அது. இரண்டு கண்ணாலும் பார்க்கிறோம், ஒன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கிரேக்கத்தில் ஹாப்லோஸ் என்றால் ஒற்றை, டிப்லோஸ் என்றால் இரட்டை. முடிவில் வரும் 'ஒபியா' பார்வையைக் குறிக்கும். பிளஸ் டூ உயிரியலில் ஹாப்லாய்டு, டிப்லாய்டு என்று படித்திருந்தால், அதே இரண்டு சொற்கள்தான் அங்கேயும்.

20 வருஷமாகக் கண் அசைவும் மாறுகண்ணும் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். இந்தச் சொல்லை எழுதிய சீட்டு நான் பார்த்தது மிகக் குறைவு. நாங்கள் 'பைனாக்குலர் சிங்கிள் விஷன்' என்றோ, 'டிப்லோபியா இல்லை' என்றோதான் எழுதுவோம். நன்றாக இருப்பதற்குப் பெயர் வைத்துக் கூப்பிடும் வழக்கம் யாருக்கும் இல்லை, அதனால் சொல் அகராதியோடு நின்றுவிட்டது. உங்கள் டாக்டர் பழைய படிப்புக்காரராக இருக்கலாம். முதல் சீட்டில் இரட்டை என்று எழுதிய அதே இடத்தில் ஒற்றை என்று எழுதியிருக்கிறார். என் கண்ணுக்கு அது நல்ல சேதி.

அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு கண்ணையும் திருப்ப ஆறு தசைகள். அவற்றை இயக்குவது மூளையிலிருந்து வரும் மூன்று நரம்புகள், 3, 4, 6 என்று எண்தான் அடையாளம். ஆறாவதுக்கு ஒரே ஒரு தசைதான் பொறுப்பு, கண்ணை வெளிப்பக்கம் இழுப்பது. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு அந்த நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய் அடைபட்டால் தசை தளர்ந்துவிடும். கண் உள்பக்கம் சாயும். இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காது, அப்போது இரண்டு படம்.

தறியில் வலது கரை மட்டும் பிரிந்தது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததுமே எனக்கு ஆறாவது நரம்பு என்று தோன்றிவிட்டது. கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் மூக்குப் பக்கமாக உள்ளே திரும்பும். வெளியே இழுக்கும் தசைக்கு அங்கே வேலை குறைவு, அதனால் நேர் எதிரே நெய்யும் இடம் ஒன்றாகவே தெரிந்திருக்கும். வலது ஓரத்துக்குப் பார்வை போனால் அந்தத் தசை வேலை செய்தாக வேண்டும், அங்கே பிரியும். தூரத்துக் கலசமும் பஸ்ஸும் பிரிந்ததும் இதனால்தான். முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டது கழுத்துப் பிடிப்பு இல்லை. முகம் வலப்பக்கம் போனால் கண்கள் இடப்பக்கம் பார்த்தபடி இருக்கும், தளர்ந்த தசைக்கு ஓய்வு. யாரும் சொல்லிக் கொடுக்காமலே உடம்பு அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

சர்க்கரையால் வந்தது பெரும்பாலும் மூன்று மாதத்தில், சிலருக்கு ஆறு மாதம் வரை, தானாகவே திரும்பும். ஆடியிலிருந்து ஐப்பசி, கணக்கு சரியாக இருக்கிறது. சர்க்கரையை மட்டும் மறுபடி ஏற விடாதீர்கள்.

அந்த விளக்குப் பெட்டிக்கு வொர்த் நாலு புள்ளிச் சோதனை என்று பெயர், கிளாட் வொர்த் என்ற இங்கிலாந்துக் கண் மருத்துவர் பெயரால். மேலே ஒரு சிவப்பு, இரண்டு பக்கமும் பச்சை, கீழே ஒரு வெள்ளை. சிவப்புக் கண்ணாடி வழியாகப் பச்சை தெரியாது, பச்சை வழியாகச் சிவப்பு தெரியாது, வெள்ளை மட்டும் இரண்டிலும் தெரியும். கண்கள் சேராவிட்டால் வெள்ளையை இரண்டு தடவை எண்ணுவார்கள், அதனால் ஐந்து. ஒரு கண் வேலையே செய்யாவிட்டால் இரண்டோ மூன்றோதான் சொல்வார்கள். நாலு என்று சொன்னால் இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன, இரண்டு படத்தையும் மூளை ஒன்றாக்கிவிட்டது. உங்கள் அப்பா விரல் நீட்டி எண்ணினார் என்றீர்களே, அந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

தார்க்குச்சி விஷயம். அது எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும், நீங்களே செய்து பாருங்கள். கண் எந்தத் தூரத்தில் நிலைக்கிறதோ அந்தத் தூரத்தில் இருப்பது ஒன்றாகத் தெரியும். அதற்கு மிக முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் இரண்டு. நாள் முழுக்க நம்மைச் சுற்றி இப்படி இரண்டிரண்டாக இருந்துகொண்டேதான் இருக்கிறது, மூளை கண்டுகொள்வதில்லை. இப்போது குச்சியையே பார்க்கச் சொல்லுங்கள். குச்சி ஒன்றாகும், விமானம் இரண்டாகும்.

நோயையும் இதையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விமானத்தைப் பார்த்தபடியே வலது கண்ணை மூடச் சொல்லுங்கள். இடது பக்கத்துக் குச்சி மறைந்தால் இது இயற்கை. ஆடி மாதம் அவருக்கு இருந்ததோ நேர்மாறு, வலது கண்ணை மூடினால் வலது பக்கத்துப் படம்தான் மறைந்திருக்கும்.

தறிக்காரர் மகள்:

அம்மா, உங்களுக்குக் கோடி புண்ணியம். படித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னேன். வலது கண்ணை மூடினால் இடது குச்சிதான் மறைகிறது! மூன்று தடவை செய்து பார்த்தார். நானும் செய்தேன், அம்மாவும் கரண்டியை வைத்துக்கொண்டு செய்தாள். எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி.

ஆடி மாதம் கலசம் இரண்டாகத் தெரிந்தபோது எது மறைந்தது என்றும் கேட்டேன். "வலது கண்ணை மூடினா வலப்பக்கத்துக் கலசம் போயிடும், அது பேய்க் கலசம்னு நெனச்சுக்குவேன்" என்றார். இதை இத்தனை நாள் எங்களிடம் சொல்லவே இல்லை.

வலங்கைமான் வயல்காரர்:

தங்கச்சி, அப்பா தேறினது ரொம்ப சந்தோஷம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக என் அனுபவத்தையும் சொல்கிறேன்.

எனக்கும் இரண்டாகத் தெரிந்தது, ஆனால் வேறு வகை. போன தாளடி அறுவடை சமயம், ராத்திரி களத்தில் காவல் படுத்திருந்தேன். பிறை இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்று நிழல் விழுந்த மாதிரி. எதிரே வந்த டிராக்டர் லைட்டைச் சுற்றி முள் முளைத்த மாதிரி வெளிச்சம். இடது கண்ணை மூடினேன், போகவில்லை. வலது கண்ணை மூடினேன், போய்விட்டது. ஆக, வலது கண் ஒன்றுக்குள்ளேயே இரண்டு. நரம்பெல்லாம் இல்லை, புரை. ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள், அந்த வாரமே பிறை ஒன்றாகிவிட்டது.

அதனால் யாருக்கு இரட்டையாகத் தெரிந்தாலும், கடைக்கு ஓடுவதற்கு முன் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை போய்விட்டால் கண்கள் சேரவில்லை என்று அர்த்தம், டாக்டரிடம் அன்றைக்கே போக வேண்டும். ஒரு கண்ணை மூடியும் போகாவிட்டால் அந்தத் திறந்த கண்ணில் புரையோ, பவரோ, வறட்சியோ. அந்தக் கடைக்காரர் இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்திருந்தால் உங்கள் 2,400 ரூபாயும் ஒரு வாரமும் மிஞ்சியிருக்கும். எனக்கு அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

ஆர்த்தாப்டிஸ்ட், கும்பகோணம்:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. கூடவே ஒன்று. திடீரென்று இரட்டையாகி, ஒரு பக்க இமையும் தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா பெரிதாகி, தலைவலியும் இருந்தால் காத்திருக்கவே கூடாது. அது மூன்றாவது நரம்பு, மூளை ரத்தக்குழாய் வீங்கி அழுத்துவதாக இருக்கலாம். ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்கள். காலையில் நன்றாக இருந்து பொழுது சாயச் சாய இமை இறங்கி இரட்டையானால் தசைச் சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். பச்சிலைச் சாறு, தாய்ப்பால் என்று எதையும் கண்ணில் விடாதீர்கள்.

மன்னார்குடி அம்மா:

எனக்கு ஒரு சந்தேகம், இங்கேயே கேட்கலாமா? என் பெண்ணுக்கு 4 வயது. இடது கண் உள்ளே போகிறது. கண் உள்ளே சாய்ந்தால் இரண்டாகத் தெரியும் என்கிறீர்கள். ஆனால் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. மாமியார், மாறுகண் அதிர்ஷ்டம், பெரியவளானால் சரியாகும், கண்ணில் கை வைக்காதே என்கிறார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆர்த்தாப்டிஸ்ட், கும்பகோணம்:

அம்மா, இந்த வாரமே காட்டுங்கள். பெரியவர்களுக்கு மூளை பழகிவிட்டது, திடீரென்று கண் சாய்ந்தால் இரண்டு படத்தையும் காட்டும். குழந்தையின் மூளை இளசு. இரட்டைக் குழப்பம் வேண்டாம் என்று சாய்ந்த கண் அனுப்பும் படத்தை அது அணைத்துவிடும். அதனால்தான் குழந்தை புகார் சொல்வதில்லை. அணைத்த கண் நாளடைவில் சோம்பேறிக் கண் ஆகிவிடும், அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டாலும் தெளியாது. பார்வையை மூளை கற்றுக்கொள்கிற பருவம் ஏறக்குறைய 7, 8 வயது வரைதான் நன்றாக இருக்கும். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து இதைக் காட்டிய ஹியூபல், வீசல் இருவருக்கும் 1981 இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

நிறையக் குழந்தைகளுக்குக் கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிடும். சிலருக்கு நல்ல கண்ணை தினம் சில மணி நேரம் மூடி, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். சிலருக்கு ஆபரேஷன். மாமியாரிடம் சண்டை வேண்டாம், அவரையும் கூட அழைத்து வாருங்கள். சோதனை அறையில் பெரிய ஈ படம் ஒன்று உண்டு. கண்ணாடி போட்டுப் பார்த்தால் இறக்கை தாளை விட்டு மேலே எழும்பி நிற்கும், குழந்தைகள் அதைக் கிள்ளப் போவார்கள். இரண்டு கண்ணும் சேராத குழந்தை தாளையே தட்டும். அதைப் பார்த்த பாட்டிகள் அதிர்ஷ்டம் என்று பேசியதே இல்லை.

சொல்தேடி, திருவையாறு:

கண் பற்றி எனக்குத் தெரியாது, சொல் பற்றி ஒரு வார்த்தை. இரட்டைப் பார்வை என்று டிப்லோபியாவைச் சொல்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது. அப்படியானால் ஹாப்லோபியாவை ஒற்றைப் பார்வை எனலாமா? எனக்கு அது பிடிக்கவில்லை. ஒற்றைக் கண்ணால் பார்ப்பது என்று ஆகிவிடும், உங்கள் அப்பா மூன்று மாதம் கண்ணை மூடிக்கொண்டு பட்ட கஷ்டமல்லவா அது! இரண்டு சேர்ந்து ஒன்றாவதைச் சொல்ல வேண்டும். ஒருமைப் பார்வை என்றால் பொருந்தும் என்று நினைக்கிறேன். தறி வீட்டில் இதற்கு வேறு நல்ல சொல் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

தறிக்காரர் மகள்:

கேட்டேன் ஐயா. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் புணைஞ்சிடுச்சுன்னு சொல்லு, போதும்" என்றார். அவருக்குப் புணைப்பது என்றால் இரண்டு நுனி சேர்ந்து ஒரே இழையாய் ஓடுவது.

மன்னார்குடி அக்கா, தயவுசெய்து போய்விடுங்கள். எங்களுக்கு ஒரு வாரம் போனதே இன்றும் உறுத்துகிறது.

இன்று புதுப் பாவு ஏற்றியிருக்கிறோம். காலையில் இருந்து அப்பாதான் புணைக்கிறார், மறைப்பு இல்லாமல், முகத்தை நேராக வைத்துக்கொண்டு. நான் பக்கத்தில் நின்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பலைத் தொட்டார், இழையைப் பிடித்தார், முறுக்கினார். விரல் ஒருமுறைகூடக் காற்றில் போகவில்லை. வலது கரைப்பக்கம் ஒரு இழை விட்டுப்போயிருந்ததை எனக்கு முன்னால் அவரே பார்த்து, "அது என்ன அங்க தொங்குது, எடு" என்றார்.

காலைச் சர்க்கரை 132. மத்தியானம் கால் வயிறு சோறுதான், கத்தரிக்காய்க் கூட்டு நிறைய வைத்திருக்கிறேன். மார்கழியில் சீட்டோடு போகும்போது டாக்டரிடம் அந்தச் சொல்லை வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.